உப்புத் தின்ற துப்பாக்கி

'உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. தீவினை செய்தவன் அதன் பயனை நுகர்ந்தே தீர்வான் என்னும் கருத்தில் அதனை வழங்குவர். அப்பழமொழி சொல்லுக்குச் சொல் பொருந்துமிடம் ஒன்று உண்டு. அது துப்பாக்கியின் வாய். கருமருந்து இட்டுச் சுடப்பட்ட துப்பாக்கி உப்புத் தின்றதாகும். அதற்குத் தண்ணீர் கொடாவிடின் அது கெடும். இவ்வுண்மையை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நாங்குநேரி எண்ணெய்க்குப் பேர்போன ஊர். வானமாமலைப் பெருமாள் திருக்கோயிலில் மூலவருக்குச் சாத்தும் எண்ணெய் அங்குள்ள கிணற்றிற் சேர்வதும், அதனைப் பிணி தீர்க்கும் மருந்தாக மக்கள் கொண்டுசெல்வதும் பலரும் அறிந்தவை. கதவின் கீலுக்கும், வண்டியின் அச்சுக்கும், இரும்புப் பெட்டியின் பூட்டுக்கும் எண்ணெயே காப்பு என்பது அவ்வூரார் மட்டுமன்றி நாம் எல்லோரும் கொண்ட கொள்கை. அக்கொள்கை ஒரு துப்பாக்கியைக் கெடுத்த கதையை முதலிற் கூறுவோம்.

நாங்குநேரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எம் பெரியப்பா ஒரு வாழைத்தோட்டம் வைத்திருந்தார். இரவிற் காட்டுப்பன்றிகள் இறங்கி வாழைக்கன்றுகளைக் கிளறிவிடும். அவற்றை வெடியொலியால் வெருட்டுதற்காக, பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகையைச் சேர்ந்தது அது. பெரியப்பா பொருள்களைப் பேணுவதில் மிகவும் கருத்துள்ளவர். சுட்ட ஒவ்வொரு முறையும் குழலுள் துணியை விட்டுத் துடைத்து, எண்ணெயைத் தாராளமாக வார்த்து, துணியாற் சுற்றி மச்சில் வைப்பார். ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை கழிந்தபின் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தபொழுது, உள்ளே விட்ட துணி செங்காவி நிறமாய் வெளிவந்தது.

நகரத்திலே உரிமம் பெற்றுத் துப்பாக்கி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் குழலுள் விளக்கொளி செலுத்திப் பார்த்துத் தலையை அசைத்தார். குழலின் உட்புறம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் குழிகுழியாய் அரித்திருந்தது.

"எவ்வளவு எண்ணெய் விட்டேன் தெரியுமா!" என்று பெரியப்பா வருந்தினார்.

"எண்ணெய் விட்டது இருக்கட்டும், அண்ணாச்சி. தண்ணீர் விட்டீர்களா?" என்றார் முதியவர்.

இரும்புக்குத் தண்ணீர் விடுவதா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் நோக்கினோம். அவ்வினாவின் பொருள் எமக்கு விளங்குதற்குச் சில காலம் ஆயிற்று. அதற்கு விடையாய் யாம் கற்றறிந்தவற்றையே இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

கருமருந்தின் இயல்பு

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. பிற்காலத்து மருந்தில் வெடியுப்பு நூற்றுக்கு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் ஆகும். கரியும் கந்தகமும் எரிபொருள்கள். எரிதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்புத் தருகின்றது. ஆகலின் இக்கலவை அடைபட்ட குழலுள்ளும் வெளிக்காற்றின் உதவியின்றியே எரியவல்லது.

எரிந்தபின் என்ன எஞ்சுகின்றது என்பதே நமக்கு வேண்டிய வினா. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டுரூ நோபிள், பிரெடரிக் ஏபெல் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூடிய எஃகுக் கலத்துள் மருந்தை எரித்து, விளைந்த பொருள்களை நிறுத்துப் பார்த்தனர். இத்தகைய ஆராய்ச்சிகளால் வெளிப்பட்ட செய்தி வியப்புக்குரியது. மருந்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 43 பங்கே ஆவியாகின்றது. குண்டினைத் தள்ளுவது அவ்வாவியே. எஞ்சியதிற் சிறிதளவு நீராக, ஏறத்தாழ 56 பங்கு திடப்பொருளாய் நின்றுவிடுகின்றது. அத்திடப்பொருளில் ஒரு பகுதி நுண்துகளாய்க் காற்றிற் கலந்து, நாம் காணும் வெண்புகையாகின்றது. மற்றொரு பகுதி குழலின் சுவரில் அடைபோல் ஒட்டிக்கொள்கின்றது. இதனைக் கசடு என்போம்.

கசடு கருநிறமாய் இருத்தலின் அதனை வெறுங்கரி என்று கருதுவோர் பலர். உண்மையில் அதிற் பெரும்பாலான பகுதி உப்புக்களே. பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு, பொட்டாசியம் சல்பைடு என்பன அவற்றுள் முக்கியமானவை. முதலாவது, விறகுச் சாம்பலிற் காணப்படும் காரம். நம் பாட்டிமார் பாத்திரம் துலக்கச் சாம்பல் கொண்டது அக்காரத்தின் வலிமையாலேயாம். மூன்றாவது ஈரம் பட்டவுடன் அழுகிய முட்டையின் நாற்றத்தை வெளிவிடும். சுட்ட துப்பாக்கியைக் கழுவுங்கால் எழும் நாற்றம் அதனுடையதே.

இவ்வுப்புக்களுட் சில காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையன. ஐப்பசி மாதத்தில் நம் சமையலறை உப்புச்சாடி தானே நீர் விடுதலை நாம் பார்த்ததில்லையா? குழலினுள்ளும் அதுவே நிகழ்கின்றது. கசடு ஈரத்தை இழுத்துக் கரைந்து, இரும்பின்மேல் உப்புநீர்ப் படலமாய்ப் படிகின்றது. உப்புநீரும் காற்றும் கூடிய இடத்தில் இரும்பு எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதைத் தூத்துக்குடி உப்பளப் பக்கத்து இரும்புவேலிகளைக் கண்டோர் அறிவர்.

இனி, எண்ணெய் ஏன் உதவவில்லை என்பது எளிதில் விளங்கும். மாணவ நண்பர்கள் இச்சிறு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் மற்றொன்றில் வெந்நீரும் எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை உப்பு இட்டுக் கலக்குக. வெந்நீரில் உப்பு மறைந்துவிடும். எண்ணெயில் எவ்வளவு நேரம் கலக்கினும் அப்படியே அடியிற் கிடக்கும். பெரியப்பாவின் துப்பாக்கியில் நிகழ்ந்தது இதுவே. துணி மேற்கசட்டை மட்டும் நீக்கிற்று. நுண்துளைகளில் தங்கிய உப்பினை எண்ணெய் கரைக்கவில்லை. மேலே போர்வையிட்டு மூடிற்று. போர்வையின் கீழ் உப்புத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காவலாளி என்று வாயிலில் நிறுத்தப்பட்ட எண்ணெய், உள்ளிருக்கும் கள்வனுக்குக் கதவடைத்துக் கொடுத்தது போலாயிற்று.

கசடு நடத்திய சரித்திரம்

இக்கசடு துப்பாக்கிக்கு மட்டுமன்று, துப்பாக்கி ஏந்திய மக்களின் சரித்திரத்துக்கும் இடர் விளைத்ததுண்டு. 1801-ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படையினர் ஏந்தியவை சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் மஸ்கெட்டுத் துப்பாக்கிகள். அவற்றின் குழல்வாய் ஏறத்தாழ முக்கால் அங்குலம். குண்டின் குறுக்களவோ அதனினும் ஓர் அங்குலத்தில் நூற்றில் ஐந்தாறு பங்கு குறைவு. குண்டு தளர்ந்திருந்தாற் குறி தவறும் என்பது அக்காலத்தாருக்குத் தெரியாததன்று. ஆயினும் நாலைந்து முறை சுட்டபின் கசடு படிந்து குழல் குறுகுமாதலின், பொருந்திய குண்டு உள்ளே இறங்காது. ஆகவே கசட்டுக்கு இடம் விட்டே குண்டு வார்த்தனர். அப்படையின் குறி அக்கசட்டின் அளவுக்கு வழிவிட்டது என்றே சொல்லவேண்டும். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் அவ்வாண்டின் இறுதியிற் கும்பினியார் பாளையக்காரர் நாட்டில் ஆயுதம் தாங்குதலையே தடைசெய்தனர்.

அதன்பின் குழலின் உட்புறம் திருகுவரி வெட்டிய என்பீல்டுத் துப்பாக்கி 1853-ஆம் ஆண்டில் உருவாயிற்று. திருகுவரியில் குண்டு இறுகப் பொருந்தினாலன்றிப் பயனில்லை. இறுகப் பொருந்துமாயிற் கசடு தடுக்கும். இச்சிக்கலைத் தீர்த்தற்கு, மருந்தும் குண்டும் சுற்றிய காகிதத்தில் மசகு தடவினர். அம்மசகு கசட்டை இளக்கிக் குண்டுக்கு வழிசெய்யும். மசகிற் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் கலந்துள்ளன என்ற செய்தி 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த தம்தம்மில் பரவியதும், மே மாதம் 10-ஆம் நாள் மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் நாம் பள்ளியிற் படித்தவை. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றை ஆராய்தல் சரித்திர ஆசிரியர்களின் வேலை. காகிதத்தில் மசகு எதற்கு என்னும் கேள்விக்கு மட்டும் யாம் விடை கூறுகின்றோம்: கருமருந்தின் கசட்டுக்காகவே.

1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனி பால் வியேல் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டார். 1889-இல் ஆங்கிலேயர் கார்டைட்டு என்னும் தம் மருந்தை ஆக்கினர். அம்மருந்தை நம் நாட்டிலே செய்தற்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் ஆலை எழுந்தது. இப்புதுமருந்துகள் ஏறக்குறைய முழுவதும் ஆவியாய்விடும், உப்பு எஞ்சாது. இதனாலேயே, ஒருமுறை சுட்டவுடன் தானே அடுத்த தோட்டாவை எடுத்துக்கொள்ளும் நுண்ணிய பிஸ்டல்கள் நடைமுறைக்கு வந்தன. கருமருந்தாயின் அவற்றின் நுண்ணுறுப்புக்கள் விரைவிற் சிக்கிக்கொள்ளும். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் சுட்டது இத்தகைய பிரவுனிங் பிஸ்டலே. மக்கள் பேச்சில் அதனை ரிவால்வர் என்று கூறுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு. ரிவால்வர் கருமருந்துக் காலத்துப் பிள்ளை; அதனைச் சிறிது நோக்குவோம்.

ரிவால்வரும் கருமருந்தும்

ரிவால்வரில் ஐந்து அல்லது ஆறு அறைகளுடைய உருளை ஒன்று உண்டு. குதிரையை இழுக்குந்தோறும் உருளை சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேரே நிற்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையே ஒரு தாளின் கனமுள்ள சந்து இருக்கும். 1873-இல் வந்த கோல்ட்டு ரிவால்வரின் தோட்டா முதலில் ஏறத்தாழ 40 கிரெயின், அதாவது இரண்டரைக் கிராமுக்குச் சற்று மிகுந்த கருமருந்து கொண்டது. 1887-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற வெப்ளி ரிவால்வரும் கருமருந்துத் தோட்டாவுடனே பிறந்து, சில ஆண்டுகளுக்குப் பின்னரே கார்டைட்டுக்கு மாறிற்று. கான்பூரில் நம் அரசாங்க ஆலையிற் செய்யப்பட்டு உரிமம் பெற்றோர்க்கு விற்கப்பெறும் .32 ரிவால்வர் அவ்வெப்ளி மரபில் வந்தது. அதற்குரிய தோட்டாவும் 1896-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியாரால் கருமருந்துத் தோட்டாவாகவே வெளியிடப்பட்டது. இன்று நம் நாட்டில் அதற்குக் கிடைப்பவை புகையில்லா மருந்துடையனவே.

இக்காலத்து ரிவால்வரிற் பழைய கருமருந்துத் தோட்டாவைச் சுடுவோர் இருக்கின்றனரோ எனின், உளர். அமெரிக்காவில் முன்னோர் காலத்து உடையும் கருவியும் பூண்டு குறிபார்த்துச் சுடும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அவற்றுக்கென 1987-இல் ஒரு சங்கமும் ஏற்பட்டது. பழையனவற்றின் ஒலியும் புகையும் எவ்வாறிருந்தன என்று அறியும் ஆர்வமே இதற்குக் காரணம். புதிய ரிவால்வரின் எஃகு வலியது. கருமருந்தின் அழுத்தமோ மிகுதியானதன்று. ஆகலின் அத்தோட்டாவுக்கென அமைந்த, பழுதற்ற புதிய ரிவால்வரில் கருமருந்தினால் வலிமைக்குறை நேர்வதில்லை, கசடே இடையூறு.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியிற் கசடு பெரும்பாலும் குழலிலே தங்கும். ரிவால்வரிலோ உருளையின் முகத்திலும், அது சுழலும் அச்சிலும், குழற்சந்திலும், குதிரையின் அடியிலும் புகும். சந்து மிகவும் நுண்ணிதாயிருப்பதால், சில சுற்றுக்கள் சுட்டவுடனே உருளை இறுகிச் சுழல மறுக்கும். அனுபவசாலிகள் இடையிடையே ஈரத்துணியால் உருளையின் முகத்தைத் துடைத்துக்கொள்வர். குண்டுக்கு மண்ணெண்ணெய் இனத்து மசகு இடாமல், தேன்மெழுகும் கொழுப்பும் அல்லது தாவர எண்ணெயும் கலந்த மசகு இடுவர். நிலத்தடி எண்ணெயாற் செய்த மசகு கருமருந்துக் கசட்டோடு கூடித் தார்போல் இறுகுவது அவர்கள் கண்ட உண்மை. 1857-இன் மசகு வேறு பெயரில் இன்றும் வாழ்கின்றது என்னலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. புதிய துப்பாக்கி பழைய மருந்தைத் தாங்கும். பழைய துப்பாக்கி புதிய மருந்தைத் தாங்காது. புகையில்லா மருந்து சிறிதளவிலேயே பன்மடங்கு அழுத்தம் தரவல்லது. கருமருந்துக்கென அமைந்த குழலில், இரண்டும் மருந்துதானே என்று அதனைக் கெட்டித்தால் குழல் பிளந்து, பிடித்த கையையும் நோக்கிய கண்ணையும் அழிக்கும். பாட்டனார் காலத்துத் துப்பாக்கி எந்த வீட்டிலிருப்பினும் இவ்வொரு விதியை அவ்வீட்டார் மறத்தல் ஆகாது.

தண்ணீர் கொடுக்கும் முறை

கருமருந்து சுட்ட ரிவால்வரைக் கழுவும் முறையை இனிக் கூறுவோம். இதனைச் சுட்ட அன்று மாலையே செய்தல் வேண்டும். மறுநாளைக்கென வைத்தல் கூடாது. மழைக்காலத்தில் ஓரிரவே துருவுக்குப் போதும்.

முதலாவது, ஒவ்வோர் அறையையும் கண்ணாற் பார்த்து, விரலால் தடவி, தோட்டா இல்லை என்று உறுதி செய்க. தோட்டாக்களை வேறிடத்துக்கு அகற்றுக. இதற்குப்பின் உருளையைக் கழற்றக்கூடியதாயிற் கழற்றி, மரப்பிடிகளையும் நீக்கிவிடுக. மரம் ஈரத்தில் உப்பும்.

இரண்டாவது, கைபொறுக்கும் சூட்டினும் சிறிது மிகுந்த வெந்நீரிற் கொஞ்சம் சோப்பைக் கரைத்துக்கொள்க. தண்ணீர் உப்பினைக் கரைக்கும். சோப்பு மசகினை அகற்றும். சூடோ இரண்டு வேலை செய்கின்றது: உப்புக்களை விரைவிற் கரையச் செய்வதோடு, இரும்பையும் சூடேற்றி, பின்னர் ஈரம் தானே உலர உதவுகின்றது. கொதிக்கும் நீர் விட்ட இரும்பிற் சிலவேளை மெல்லிய பழுப்புப்படலம் உடனே தோன்றுவதுண்டு. எண்ணெய் தோய்ந்த துணியால் துடைக்க அது போய்விடும். அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

மூன்றாவது, குழலையும் ஒவ்வோர் அறையையும் தூரிகையாற் பலமுறை தேய்க்க. குழலின் பின்வாயைச் சுற்றியுள்ள இடம், உருளையின் அச்சுத்துளை, வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்புறம் ஆகிய மூன்றும் மறதிக்கு இடமானவை. துரு அங்கேதான் முதலில் தோன்றும். கழுவிய நீர் கருமை நீங்கித் தெளியுமட்டும் புதுநீர் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஈற்றிற் சோப்பில்லாத தனி வெந்நீரால் அலசுக.

நான்காவது, உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலிலோ அடுப்பருகிலோ முற்றும் உலர விடுக. மூலைமுடுக்குகளில் ஈரம் தங்கலாகாது. இதன்பின்னரே எண்ணெயின் முறை வருகின்றது. மிகையாய் வார்க்காமல், மெல்லிய படலமாய்த் தடவுக. உப்பு நீங்கிய இரும்பில் எண்ணெய் தன் கடமையைச் செவ்வனே செய்யும். எண்ணெயைப் பழிப்பது எம் கருத்தன்று. அது முன்னே வந்தமையாலே பழியேற்றது.

ஐந்தாவது, பலரும் விட்டுவிடும் செயல்: மறுநாட் காலையில் வெண்துணி ஒன்றைக் குழலுள் விட்டு இழுத்துப் பார்க்க. துணி வெண்மையாய் வரின் வேலை முடிந்தது. பழுப்பாய் வரின் உப்பு இன்னும் உளது. மீண்டும் வெந்நீரிலிருந்து தொடங்குக. தோலுறையில் இட்டு வைத்தலும் தகாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெற்றுத் தோட்டாவின் பித்தளைக் கூடுகளைக் கழுவாது விட்டால், கசட்டிலுள்ள கந்தகச்சேர்க்கையால் அவை கறுத்துப்போகும். நம் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி துலக்குவதுபோல், மென்மையான புளிப்புநீர் அவற்றையும் துலக்கும்.

இம்முறை நாட்டுத் துப்பாக்கிக்கும் பொருந்தும். அதற்கு வெந்நீரைக் குழலின் வாயில் ஊற்றி, அடித்துளை வழியே வெளிவரச் செய்தல் போதும்.

தண்ணீரின் இச்சிறப்பு கருமருந்தோடு முடிந்துவிடவில்லை. புகையில்லா மருந்து வந்த பின்னும், தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு கேப்பில் பொட்டாசியம் குளோரேட்டு பல ஆண்டுகள் வழங்கிற்று. அது எரிந்து, கறியுப்புக்கு உடன்பிறப்பான பொட்டாசியம் குளோரைடாகக் குழலிற் படியும். ஆகவே இரு உலகயுத்தங்களிலும் .303 துப்பாக்கி ஏந்திய வீரர்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றிய பின்னரே எண்ணெய்த்துணி இழுத்தனர். 1948-இல் தொடங்கிய தேசிய மாணவர் படையிற் சேர்ந்துள்ள நம் மாணவர்கள், சுடுபயிற்சி முடிந்ததும் புல்-த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்துத் துடைப்பர் அன்றோ! அவர்கள் சுடும் இக்காலத் தோட்டாவில் அத்தகைய உப்பு இல்லாமையால், துணியும் எண்ணெயும் அவர்களுக்குப் போதுகின்றன. மருந்து மாறியதால் துடைக்கும் முறையும் மாறிற்று என்பதை அவர்கள் நினைவிற்கொள்க.

சட்டமும் கடமையும்

இவ்வியாசத்தைக் கற்றோர் எவரும் தாமே மருந்து கலக்கவோ தோட்டா அடைக்கவோ முற்படலாகாது. நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் உரிமமின்றி அவற்றைச் செய்தலைக் குற்றமாக்கியுள்ளன. அச்சட்டமே மெய்யான பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உழவர்க்கு உரிமம் வழங்க இடமளிக்கின்றது. அத்தகைய துப்பாக்கி வீட்டிலுள்ள மாணவர்கள், பெரியோர் முன்னிலையில் அதன் குழல் எண்ணெய்க்கு முன் தண்ணீர் கண்டதா என்று கேட்டறிதல் நன்று.

இது வெறும் பொருட்சேதத்தைப் பற்றிய பேச்சன்று. அரித்த குழலின் குழிகளில் எரியும் கசட்டுத்துகள் தங்கியிருந்து, அடுத்த முறை மருந்து கெட்டிக்குங்கால் தீப்பற்றக்கூடும். அப்பொழுது குழலின் வாய்க்கு நேரே இருப்பது கெட்டிப்பவனுடைய கை. மேலும் அரிப்பினால் மெலிந்த சுவர் வெடியின் அழுத்தத்தைத் தாங்காது பிளத்தலும் உண்டு. எம் பெரியப்பா இவ்வாபத்தை அறியாமலே எத்தனை இரவுகள் அத்துப்பாக்கியைக் கெட்டித்தாரோ! பழுதுபார்க்கும் முதியவர் அதனைத் திருத்தித்தர மறுத்தது நாங்கள் பெற்ற நன்மை. அவர் கூலியை விரும்பாது ஒரு மனிதரின் கையைக் காத்தார். பெரியப்பா அத்துப்பாக்கியையும் உரிமத்தையும் முறைப்படி ஒப்படைத்துவிட்டார். பன்றிகளுக்குத் தோட்டத்தைச் சுற்றி வேலி எழும்பிற்று.

அழுக்கு இன்னதென்று அறிந்தபின் துடைத்தலே அறிவுடைமை. எண்ணெய்ப்பசைக்குச் சோப்பு, உப்புக்குத் தண்ணீர், தூய இரும்புக்கு எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. அவ்வரிசையை மாற்றினால் நற்கருத்தோடு செய்த வேலையும் கேடாய் முடியும். பெரியப்பா சோம்பியவரல்லர், அன்பு குறைந்தவருமல்லர். ஓர் உண்மையை அறியாதவர், அவ்வளவே. இரசாயன வகுப்பில் 'கரையும், கரையாது' என்று நாம் எழுதிவைக்கும் இரண்டு சொற்கள் ஒருவர் கையைக் காக்கவல்லன என்பதை எமக்கு உணர்த்தியது அந்தத் துருப்பிடித்த குழலே. கற்கும் கல்வி வீட்டு மச்சுவரை சென்று பயன்படுமாறு நம் மாணவர்கள் முயல்வாராக.